சத்தமில்லாத கமராவும் நகர்கிற வேலியும்

சென்ற மாதம் என் மேல் ஒரு பழி விழுந்தது. நான் காணி பிடிக்கிறேனாம்!

அதுவும் எப்படி? ஒரே நாளில் இல்லை. நாளுக்குக் கொஞ்சமாய், ஒருவரும் கவனிக்காத மாதிரி, வேலியை நகர்த்தி நகர்த்தி… பக்கத்து வயல்காரர் வல்லிபுரத்தார் பண்டத்தரிப்புச் சந்தியில், பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கெல்லாம் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒருவனைக் குடிக்கிறான் என்று சொல்லலாம், கடன்காரன் என்றும் சொல்லலாம். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். வேலி அரக்குகிறான் என்று சொல்லிவிட்டால்? அவ்வளவுதான். பேரப்பிள்ளைக்குப் பொம்பிளை பார்க்கும்போதும் அந்தக் கதை வரும்.

விஷயம் என்னவென்றால் — குற்றச்சாட்டு உண்மை. என் வேலி நகர்ந்தது. நாள் தவறாமல் நகர்ந்தது. ஆனால் நான் போனது காணியைத் தேடி அல்ல. ஒரு பறவையைத் தேடி.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

என் மனைவி பரமேஸ் காலமாகி இரண்டு வருடமாகிறது என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரே மகள், புருஷனோடு சாம்பியாவில். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை முடிந்து பென்சனும் எடுத்தாயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். பிறகு ஒவ்வொருவராய்க் குறைந்தார்கள். யாருடைய பிழையும் இல்லை. அவரவருக்கு அவரவர் வீடு இருக்கிறதல்லவா?

கடைசியில் தவறாமல் வந்துகொண்டிருந்தது ஒரு மீன்கொத்தி மட்டும்தான். நான் பல் விளக்கும் நேரம் கிணற்றுத் துலாவில் வந்து இருக்கும். நீல முதுகும் வெள்ளை நெஞ்சுமாய் என்னைப் பார்க்கும். "என்ன, இண்டைக்குப் பிந்திப்போனாய்?" என்று கேட்பேன். பதில் வராது. பரமேஸும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவள் இல்லை. சில நாட்களில் பொழுதுபடும்வரை நான் வாய் திறந்து கதைத்தது அந்த ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

மருமகன் கொண்டுவந்து தந்த ஜப்பான் கமரா அலுமாரியில் சும்மா கிடந்தது. மீன்கொத்தியைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவோமே என்று ஒருநாள் வெளியே எடுத்தேன். குறி பார்த்தேன். அமுக்கினேன்.

சடக்!

அந்த வகைக் கமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் அது எழும்பி அடித்துவிட்டுக் கீழே விழும். கலியாண வீட்டு மேளச் சத்தத்துக்குள் அது யாருக்குக் கேட்கப்போகிறது? என் வீட்டு முற்றத்தில் துவக்கு வெடித்தது மாதிரி இருந்தது. மீன்கொத்தி போய்விட்டது. அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிலிமைக் கழுவிப் பார்த்தால்… துலா மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. ஒரு குருவிக்காக ஒரு கிழவன் அழுவதா என்று கேட்பீர்கள். குருவிக்காக மட்டும்தான் என்று நான் சொன்னேனா?

அன்றைக்கே தீர்மானித்தேன். சத்தம் போடாத ஒரு கமரா வேண்டும். ஒரு உயிருக்குப் பக்கத்தில் போய் நான் இருக்கவேண்டும். நான் இருக்கிறேன் என்பதற்காக அது எழும்பிப் போகக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். படமெல்லாம் பிறகு.

பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். தெரிந்த தம்பி ஒருவன் அங்கே ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். முந்தி மாதிரி இல்லை — இப்போது கமராக்கள் தாராளமாக வந்து இறங்குகின்றன அல்லவா? கண்ணாடி மேசைக்குள் நிறைய அடுக்கி வைத்திருந்தான்.

"என்ன மாதிரிக் கமரா வேணும், ஐயா?"

"சத்தம் குறைஞ்சது."

தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள், எந்த நாட்டுச் சாமான் என்று கேட்பார்கள். சத்தத்தை விசாரித்துக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லையாம்.

நான் கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொன்றாகக் காதடியில் பிடித்து அமுக்கச் சொன்னேன்.

முதலாவது — சடக். பழைய எதிரி. இரண்டாவது கைக்கு அடக்கமான சின்னக் கமரா. சிக் என்றது, பரவாயில்லை. ஆனால் அதில் நாம் பார்க்கிற துவாரம் ஒரு பக்கம், படம் விழுகிற லென்ஸ் இன்னொரு பக்கம். "நல்லாக் கிட்டப் போனா தலை வெட்டுப்பட்டுப் போம், ஐயா," என்றான் தம்பி. தலை இல்லாத குருவியை வைத்து நான் என்ன செய்வது?

மூன்றாவதுக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அமுக்கன் தம்பி."

"அமுக்கிப்போட்டன், ஐயா!"

கண்ணைத் திறந்தேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த இரண்டு பொம்பிளைகள் பவுடர் பூசுவதையும் விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் கையில் ஒரு பழைய ஜெர்மன் பெட்டிக் கமரா. ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு கண்கள். மேல் கண் நமக்கு, கீழ்க் கண் பிலிமுக்கு; கிட்டப் போனாலும் தலை வெட்டுப்படாமல் இருக்க உள்ளே ஒரு ஏற்பாடு. நெஞ்சோடு பிடித்து, மேல் மூடியைத் திறந்து, குனிந்து பார்க்கவேண்டும். எழும்பி விழுகிற கண்ணாடி இதில் இல்லை. அடிபடுகிற சத்தமும் இல்லை.

"உது ஏன் ஐயா உங்களுக்கு? இப்ப கலியாண வீட்டுக்கு ஒருத்தரும் உதைக் கொண்டு போறேல்லை. எடுத்தது மாப்பிளைக்குத் தெரியாது. எடுத்தாச்சோ, எடுத்தாச்சோ எண்டு கேட்டுக்கொண்டே இருப்பினம்."

எடுத்தது தெரியக்கூடாது என்றுதானே நான் பஸ் ஏறி வந்தேன்? என் ஜப்பான் கமராவை அவனிடம் கொடுத்துவிட்டு இதை மாற்றிக்கொண்டேன்.

"ஒரு குறை இருக்கு, ஐயா. இதுக்குத் தூரத்து லென்ஸ் பூட்டேலாது. குருவி பெரிசாய் விழவேணும் எண்டா நாலடிக்குள்ளை போய் இருக்கவேணும்."

தூர நின்று எடுக்கக்கூடிய கமரா சத்தம் போடுகிறது. சத்தம் போடாத கமரா கிட்ட வா என்கிறது. மனிதர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. நான் முதல் வகை என்பது பரமேஸின் அபிப்பிராயம்.

சரி, நாலடிக்குள் என்னை யார் விடுவார்கள்?

பரமேஸின் சீதன வயல் ஊருக்கு மேற்கே இருக்கிறது. அறுவடை முடிந்து வெறும் தரையாய்க் கிடந்தது. வரம்புக்கு அந்தப் பக்கம் வல்லிபுரத்தாரின் வயல். அவருடைய பக்கத்தில், கட்டாந்தரையில், ஒரு ஆட்காட்டி முட்டையிட்டிருந்தது. ஆட்காட்டியைத் தெரியாதவர்கள் யார்? மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், தூரத்தில் ஒரு ஆளைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற தொண்டை. கூடு என்று ஒன்றும் கட்டாது. மண் நிறத்தில் நாலு முட்டை, சுற்றிவரச் சின்னக் கற்கள். அதுதான் வீடு.

ஒளிந்திருக்க ஒரு மறைப்புச் செய்தேன். நாலு தடி, நாலு பக்கமும் பின்னிய தென்னோலைக் கிடுகு, முன்னால் கமராவின் கண்ணுக்கு ஒரு ஓட்டை, உள்ளே ஒரு முக்காலி. ஆள் இல்லாதபோது அப்படியே தூக்கி நகர்த்தலாம். முதலில் என் வயலில் வைத்தேன். பறவைக்குப் பழகட்டும் என்று அடுத்த நாள் கொஞ்சம் முன்னுக்கு. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு வரம்பைத் தாண்டி… அதற்கும் அப்பால்…

எங்கள் ஊரில் கிடுகு நின்றால் அது வேலி. வேலி நின்றால் உரிமை. வேலி நகர்ந்தால் வழக்கு. கச்சேரியில் அத்தனை வருடம் காணிக் கடதாசிகளோடு மாரடித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது நான் யோசித்ததெல்லாம் பறவையின் மனதை. வயல்காரரின் மனதை யோசிக்க மறந்துவிட்டேன்.

பறவைக்கு மறைப்புப் பழகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே வந்து அடைகாத்தது — நான் உள்ளே இல்லாவிட்டால்! நான் வருவதைக் கண்டதும் எழும்பிப் பறந்து கத்தும். நான் உள்ளே நுழைந்த பிறகு தூரத்து வரம்பில் போய் நின்று மறைப்பையே பார்க்கும். வராது. மூச்சை அடக்கினேன். இருமலை விழுங்கினேன். உலகத்திலேயே சத்தமில்லாத கமரா என் மடியில் சத்தமில்லாமல் கிடந்தது. எடுப்பதற்கு எதுவும் இல்லாவிட்டால் எந்தக் கமராதான் சத்தம் போடும்?

வெயில் ஏறும். முட்டைகள் வெயிலில் கிடக்கும். பனையில் ஒரு காகம் இருந்து கழுத்தைச் சரித்துச் சரித்துப் பார்க்கும். என்னால் இந்த முட்டைகள் கூழாகிப் போகுமோ என்று பயம் பிடிக்கும், எழும்பி வந்துவிடுவேன். நான் போனதும் பறவை வந்து குந்திவிடும். பல நாளாக இதே கதை. நான் இந்த உலகத்துக்குச் செய்யக்கூடிய ஒரே உபகாரம் எழும்பிப் போவதுதானா என்று வரம்பில் இருந்து யோசித்திருக்கிறேன்.

அப்படியொரு காலையில், நான் உள்ளே இருக்கும்போது, கிடுகில் குடைக்கம்பி தட்டுகிற சத்தம் கேட்டது.

"கிளாக்கர்! உள்ளுக்கையோ இருக்கிறீர்?"

வல்லிபுரத்தாரின் குரல். "ஓம், அண்ணை," என்றேன், மெதுவாக.

"வெளியிலை வாரும் காணும்."

"இப்ப வரேலாது, அண்ணை. குருவி ஒண்டு…"

"என்ன குருவி? வரம்பு அங்கை கிடக்கு. உம்மடை வேலி இஞ்சை நிக்குது. நானும் பாத்துக்கொண்டுதான் வாறன். நேற்று ஒரு இடம், இண்டைக்கு ஒரு இடம்!"

"இது வேலி இல்லை, அண்ணை. படம் எடுக்கிற மறைப்பு."

"என்ரை சித்தப்பான்ரை மோனும் மாட்டுக்கு மறைப்பு எண்டுதான் முதல்லை வைச்சவன். பிறகு கோடு கச்சேரி எண்டு அலைஞ்சு என்ரை தலை நரைச்சதுதான் மிச்சம். இனியும் இது இதிலை நிண்டா வழக்குப் போட நான் புரக்கிராசியிட்டைப் போவன். நோட்டீஸ் வரும். சொல்லிப்போட்டன்!"

குடையால் தரையைக் குத்திக் குத்தி ஏசிக்கொண்டே போனார். வயலோரத்து ஒழுங்கைப் பாதைக்கு ஏறி சைக்கிளை எடுக்கும்வரை அவருடைய குரல் கேட்டது.

நான் வெட்கத்தில் அப்படியே இருந்தேன். இந்த வயதில் இப்படி ஒரு பெயரா?

அப்போதுதான் கிடுகு ஓட்டையில் ஏதோ அசைந்தது. குனிந்து கமராவுக்குள் பார்த்தேன். மஞ்சள் கால்கள்!

பறவை நடந்து வருகிறது. நாலடி எடுத்து வைக்கும், நிற்கும், தலையை உயர்த்தும். பிறகு நாலடி. எங்கேயோ குளத்தில் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறது. வயிற்றிறகில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் மெல்லக் குந்தியது — வெயில் குடித்த முட்டைக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. என் கையை நீட்டினால் தொடலாம். அமுக்கினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோளகக் காற்று வந்து பனையோலையை அடிக்கும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள் பிலிமைச் சுற்றினேன். மறுபடி அமுக்கினேன்.

அது எழும்பிப் போகவில்லை. என் பக்கத்தில் ஒரு உயிர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

ஏன் வந்தது? யோசித்துப் பார்த்தேன். நான் வந்தபோது கண்டது. வல்லிபுரத்தார் வந்தபோதும் கண்டது. ஒருவர் திரும்பிப் போவதையும் கண்டது. ஆள் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துவிட்டது. அதற்கு எண்ணத் தெரியாது!

அப்படியானால் இவ்வளவு நாளும் எனக்குக் குறைவாக இருந்தது கமரா அல்ல. என்னோடு வயல்வரை வந்து, என்னை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் போக ஓர் ஆள். கூட இருக்க ஆள் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறேன். விட்டுவிட்டுப் போகவும் ஓர் ஆள் வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? வேறு யாரிடம் கேட்பது? அலுவலை விட்டுவிட்டு ஒரு கிழவனோடு வயலுக்கு வந்து சும்மா திரும்பிப் போங்கள் என்று யாரைக் கூப்பிடலாம்?

அடுத்த நாள் நான் என்ன செய்தேன், சொல்லுங்கள் பார்ப்போம். மறைப்பை இன்னும் அரை முழம் முன்னுக்கு நகர்த்தினேன்!

வல்லிபுரத்தார் வந்தார். ஏசினார். போனார். பறவை வந்தது.

அவருடைய ஏச்சில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வரம்பு, பிறகு சித்தப்பாவின் மகன், கடைசியில் புரக்கிராசி. புரக்கிராசி வந்தவுடன் நான் கமராவின் மூடியைத் திறந்து ஆயத்தமாகிவிடுவேன். சந்தியில் என் பெயர் நாறிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா? என்னைத் தேடிக்கொண்டு ஒருவர் தினமும் வருகிறார். ஏசத்தான் வருகிறார், இருக்கட்டுமே! வந்தாரல்லவா?

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. முட்டைகளைக் குனிந்து பார்த்தேன். இரண்டில் கீறல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சின்னச் சத்தம்… அன்றைக்குத்தான் பொரிக்கப்போகிறது. ஆட்காட்டிக் குஞ்சுகள் கூட்டில் தங்காது. ஈரம் காய்ந்ததும் தாயோடு நடந்துவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

உள்ளே போய் இருந்தேன். பறவை தூரத்து வரம்பில் நின்றது. வல்லிபுரத்தாரைக் காணவில்லை. வெயில் ஏறியது. அவரைக் காணவில்லை. காகம் பனையை விட்டுத் தரைக்கு இறங்கியது.

போகிறவர்களை நான் போதுமானவரை பார்த்தாயிற்று. ஒருமுறையாவது, ஒரு உயிர் வருவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. ஆனால் நான் இருந்தால் தாய் வராது. எழும்பி, காகத்தைத் துரத்திவிட்டு, சைக்கிளை எடுத்தேன். தூரத்தில் போய்த் திரும்பிப் பார்த்தபோது தாய்ப்பறவை வந்து குந்தியிருந்தது.

நேரே வல்லிபுரத்தார் வீடு. பேரப்பிள்ளைகளின் கூச்சல் வாசற் படலைவரை கேட்டது. மனுசன் புட்டுக் கோப்பையோடு இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து என்னை ஏசிப்போட்டுப் போங்கோ."

"என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். பறவை, முட்டை, எண்ணத் தெரியாத விஷயம், அரை முழம்… எல்லாம். அவருடைய முகம் சிவந்து, பிறகு சிவப்பு இறங்கியது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் தொண்டை கிழியக் கத்த, நீர் உள்ளுக்கை இருந்து படம் பிடிச்சீரோ?"

"ஓம், அண்ணை."

"காணி வேண்டாமோ?"

"வேண்டாம், அண்ணை."

"உண்மையாவோ?"

"பரமேஸ் அறிய, வேண்டாம்."

அவர் புட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். குடையை எடுத்தார்.

இருவருமாய் வயலுக்கு நடந்தோம். பறவை எழும்பிக் கத்தியது. நான் உள்ளே நுழைந்தேன். அவர் வெளியே நின்றார்.

"இப்ப என்னத்தைச் சொல்லி ஏசுறது, கிளாக்கர்? கோவம் வருகுதில்லையே!"

"ஒண்டும் சொல்ல வேண்டாம், அண்ணை. நீங்கள் போனால் போதும். இடையிலை நிண்டு பாத்தியளெண்டா அது வராது. திரும்பிப் பாராமல் போங்கோ."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. சுடலையில் பரமேஸுக்குக் கொள்ளி வைத்துவிட்டு நின்றபோது என் தோளைப் பிடித்துத் திருப்பி இதே சொற்களைத்தான் சொன்னார்கள். திரும்பிப் பாராமல் போங்கோ. வழக்கம் அதுதானே? நானும் போனேன். அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு வருடமும் திரும்பிப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

வல்லிபுரத்தார் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். ஒருதரமும் திரும்பவில்லை.

பறவை வந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே ஏதோ நெளிந்தது. ஒரு முட்டைக்கோதை அலகால் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிட்டு வந்தது. இறகுக்குள்ளிருந்து ஈரமான ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. அமுக்கினேன். காற்றுக்குக் காத்திருந்தேன். அமுக்கினேன். குனிந்து பார்க்கிற கண்ணாடியில் என் கண்ணீர் விழுந்து படம் கலங்கியது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். பின்னேரம் தாய் மெல்லக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தது. நாலும் தட்டுத்தடுமாறிப் பின்னால் போயின. நான் இருட்டுப்படும்வரை உள்ளேயே இருந்தேன். எழும்பிப் போக அவசரம் ஒன்றும் இல்லையே.

மறைப்பை அடுத்த நாளே பிரித்துவிட்டேன்.

நேற்று மாலை வல்லிபுரத்தார் வீட்டுக்கு வந்தார், படம் பார்க்க. சந்தியில் என் பெயரைத் திருத்திவிட்டாராம். "கிளாக்கருக்குக் காணி ஆசை இல்லை. மூளைதான் கொஞ்சம் கழண்டு போச்சு எண்டு சொல்லிப்போட்டன்." நன்றி சொன்னேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவாய் இருக்குது… இந்தப் பின்னுக்குத் தெரியிறது என்ரை வரம்பெல்லோ?"

"ஓம், அண்ணை."

"இதிலை ஒண்டு எனக்குத் தாரும். கோட்டிலை உதவும்."

குஞ்சு தலை நீட்டுகிற படத்தை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு எழும்பினார். முற்றத்தைக் கடந்து படலைவரை போனவர், அங்கே நின்றார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"கிளாக்கர்… இண்டைக்குத் திரும்பிப் பாக்கலாமோ?"

அவருக்கு அது பகிடி.

"பாருங்கோ, அண்ணை," என்றேன்.

பார்த்தார். குடையை ஒருதரம் உயர்த்திக் காட்டிவிட்டு ஒழுங்கையில் இறங்கிப் போனார். நான் உள்ளே வந்து விளக்கைக் கொளுத்தினேன்.

போகவேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்களேன்… மிச்சத்தை நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.